கழற்றாத மாலை

கார்த்திகை பிறந்ததும் நம் ஊர்களில் நடப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஆண்டு முழுக்கக் குடித்தவர், மனைவி அழுதும் பிள்ளைகள் கெஞ்சியும் நிறுத்தாதவர், கழுத்தில் துளசி மாலை ஏறிய அன்று நிறுத்திவிடுகிறார். 41 நாள் விரதம் முடியும்வரை கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. உடனே நாம், "முடியுது பார், ஆனா மனசு இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் எண்ணம். அந்த நாட்களில் அவரைத் தாங்கியவை எவை என்று யோசியுங்கள். விடியற்காலைக் குளியல், சாயங்காலப் பஜனை, வழிநடத்திய குருசாமி, அவரைச் ‘சாமி’ என்று கூப்பிட்ட பத்துப் பேர். நாக்கு தேடும் அந்தச் சாயங்கால வேளையில் அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. மாலையைக் கழற்றியதும் அந்த இடமும் போயிற்று, அந்தப் பத்துப் பேரும் போய்விட்டார்கள். குடியை விடுவதற்கு உறுதி போதும். விட்ட நிலையில் நிற்பதற்குச் சேர்க்கை வேண்டும். அந்தச் சேர்க்கை, கழற்றத் தேவையில்லாத மாலையாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று உண்டு, நேயர்களே. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்தபோது பிறந்தது. இருவருமே குடிநோயாளிகள். தன்னைப் போன்ற இன்னொருவரிடம் மனம்விட்டுப் பேசினால் தன் குடி எண்ணம் அடங்குகிறது என்பதே முதலாமவர் கண்டுகொண்ட உண்மை. இன்று தமிழ்நாட்டில், தமிழிலேயே இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. ஒரு பள்ளி வகுப்பறையோ, தேவாலயத்தை ஒட்டிய அறையோ இருக்கும். வட்டமாக நாற்காலிகள், ஆளுக்கொரு டீ. ஒருவர் தன் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். இழந்த வேலையை, அடகுக் கடையிலிருந்து திரும்பாத தாலியை, குடிக்காமல் கழிந்த முதல் தீபாவளியைச் சொல்வார். குறுக்கே ஒருவரும் பேசமாட்டார்கள், புத்தியும் சொல்லமாட்டார்கள். நேற்று இரவு குடித்தவரும், இருபது வருடம் தொடாதவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். இருவருக்கும் கணக்கு ஒன்றே: இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது. குருசாமியின் இடத்தில் இங்கே ஸ்பான்சர் இருக்கிறார். மனம் தடுமாறும் நேரத்தில் அவரைப் போனில் கூப்பிடலாம்.

வெறும் பேச்சு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்ந்து நிலைக்க முறைப்படி உதவும் சிகிச்சை பெற்றவர்களில், ஓராண்டு முடிவில் குடியை அடியோடு தவிர்த்திருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். பாதிக்கு மேல் தவறினார்களே என்பீர்கள். உண்மைதான். ஆனால் தவறியவரைக் கதவு தடுப்பதில்லை, நாளைக்கும் நாற்காலி இருக்கிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலைநாட்டில் நடந்தவையாயிற்றே என்றால், பலன் எப்படி வருகிறது என்று ஆராய்ந்தவர்கள் சொன்ன முக்கியமான காரணம், நட்பு வட்டம் மாறுவது. நம் கார்த்திகை மாதம் சொல்வதும் அதையேதானே?

"யாராவது பார்த்துவிட்டால்?" என்ற தயக்கம் நியாயமானது. அதனால்தான் அங்கே பதிவேடு இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. கேட்டதை வெளியே சொல்வதும் இல்லை. கட்டணமும் கிடையாது. மதம் மாற்றுவார்களோ என்ற பயம் வேண்டாம். கடவுளை அவரவர் அறிந்தபடி எடுத்துக்கொள்ளலாம். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்: நெடுங்காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடுபவருக்கும் இது பொருந்தும். முதலில் மருத்துவர், கூடவே கூட்டம்.

தேடுவது கடினமில்லை. 14446 என்ற கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண்ணில் பேசுங்கள். அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவிலும் விசாரிக்கலாம். எந்த நாள், எத்தனை மணி, தமிழில் நடக்குமா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் போகலாம். பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் ஓரமாக உட்காருங்கள், பேசாமல் கேட்டாலே போதும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியே உண்டு.

2019இல் வந்த தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரில் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். அவரிடம் இனிச் சத்தியம் வாங்காதீர்கள். இந்த வாரம் ஒரு சாயங்காலம், கூட்டம் நடக்கும் வாசல்வரை அவரோடு நடந்து போங்கள்.