ஒரே குறி, ஒரே கிருமி: யாரிடமிருந்து யாருக்கு?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



டி.என்.ஏ. பாடத்தில் படம் வரைகிறோம், பாகம் குறிக்கிறோம். "இதனால் என்ன பயன் சார்?" என்று ஒரு மாணவர் கேட்டால், குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்போம். இன்று வேறோர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். இதில் தேடப்படுவது ஒரு பாக்டீரியா. தடயம் கிடைப்பதோ பன்றியின் கழுத்தில்.

மாடுகளுக்குக் காசநோய் தரும் முக்கியக் கிருமி மைக்கோபாக்டீரியம் போவிஸ். காய்ச்சாத பால் வழியாக இது மனிதருக்கும் வரும். காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த ராபர்ட் கோக், 1901இல் லண்டன் மாநாட்டில் மாட்டுக் காசநோயால் மனிதருக்கு அபாயம் மிகக் குறைவு என்றார். பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் பல ஆண்டுகள் ஆய்ந்து, அது மனிதருக்கும் பரவும் என்று நிறுவியது.

இனி ஸ்பெயினின் தென்மேற்குப் பகுதிக்கு வருவோம். அங்கே ஓக் மரங்கள் பரவிய மேய்ச்சல் காடுகளில் ஐபீரியப் பன்றிகளைத் திறந்தவெளியில் வளர்க்கிறார்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அவை ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும். அதே காட்டில் மாடு மேயும். காட்டுப்பன்றியும் மானும் வரும். எல்லாம் ஒரே குட்டையில் நீர் குடிக்கும். இறைச்சிக்கூடத்தில் பன்றியின் தலை, கழுத்துப் பகுதி நிணநீர் முடிச்சுகளில் காசநோய்க் கட்டிகள் தென்படுவதுண்டு. கிருமி வாய்வழியே நுழைந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு.

அந்தக் கிருமியை எப்படி அடையாளம் காண்பது? அதன் டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றின் இடையிடையே வெவ்வேறு இடைத்துண்டுகள் உள்ளன. 43 இடைத்துண்டுகளைச் சோதித்து, இருந்தால் கறுப்புக் கட்டம், இல்லையென்றால் வெள்ளைக் கட்டம் போடுகிறார்கள். இதுவே ஸ்பாலிகோடைப்பிங். மைக்கோபாக்டீரியம் போவிஸில் கடைசி ஐந்து கட்டங்களும் வெள்ளை. மற்ற கட்டங்களில் உள்ள வேறுபாடுதான் ஒரு வகையை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது.

பன்றியிலும் மாட்டிலும் ஒரே கட்டவரிசை வந்தால் என்ன பொருள்? வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால் பெயர் மட்டும் போதாது, தலைப்பெழுத்தும் வேண்டும். ஸ்பெயினில் எஸ்.பி.0121 என்ற வகை மிகப் பரவலானது. அது இரண்டு விலங்குகளில் இருப்பதை மட்டும் வைத்து, ஒன்றிடமிருந்து மற்றதற்கு நேரடியாகப் பரவியது என்று சொல்ல முடியாது. ஆகவே வேறு இடங்களில் சிறு தொடர்கள் எத்தனை முறை திரும்புகின்றன என்றும் எண்ணுகிறார்கள். அதுதான் தலைப்பெழுத்து. இப்போது முழு மரபணுத் தொகுதியையே படிக்கவும் முடிகிறது.

தலைப்பெழுத்தும் ஒத்துப்போனாலும் ஒரு கேள்வி மிச்சம். மாடு பன்றிக்குக் கொடுத்ததா, பன்றி மாட்டுக்குக் கொடுத்ததா, இரண்டும் காட்டுப்பன்றியிடம் பெற்றனவா? கட்டவரிசை இதற்குப் பதில் சொல்லாது. எந்த விலங்கு எங்கே மேய்ந்தது, எப்போது நோய் தெரிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது வெறும் ஏட்டு விவாதம் அல்ல. சோதனையில் நோய் தெரிந்த மாடுகளை வெட்டுக்கு அனுப்புகிறார்கள். கிருமி மற்ற விலங்குகளில் தங்கியிருந்தால், மாட்டை இழந்த விவசாயியின் தொழுவத்துக்கு அது மீண்டும் வரும்.

இதை வகுப்பில் ஒரு பாடவேளையில் செய்யலாம். வரைபடத்தாளில் பத்துக் கட்டங்கள் கொண்ட நான்கு பட்டைகள் போதும்: மாடு, பன்றி, காட்டுப்பன்றி, மான். மூன்று ஒத்திருக்கட்டும், ஒன்று மாறுபடட்டும். தொடக்க வகுப்பில் இருநிற மணிகளைக் கோக்கலாம். பிறகு இரண்டு கேள்விகள்: எவை ஒத்திருக்கின்றன? எது எதற்குக் கொடுத்தது?

இரண்டாம் கேள்விக்கு, "இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இன்னின்ன தகவல் வேண்டும்" என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.