கண்ணும் கோடும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு செலக்‌ஷன் மேஜையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. பதனிட்ட தோல் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கீறல், உரிக்கும்போது பட்ட கத்தி, அம்மைத் தழும்பு என்று கண்ணும் கையும் சேர்ந்து துழாவும். சில நொடிகளில் அந்தத் தோல் ஏதோ ஓர் அடுக்குக்குப் போய்விடும்.

அந்தச் சில நொடிகளில் மூளைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வதையே வேலையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முனைவர் பட்டம் வாங்கியும் நிரந்தர வேலை அமையாமல், இன்னொருவருடைய ஆய்வகத்தில் சில வருஷம் உழைப்பவர்கள். போஸ்ட் டாக் என்பார்கள். ‘இன்னுமா படிக்கிறான்?’ என்று உறவுக்காரர்கள் கேட்பார்களே, அந்தப் பிள்ளைகள்தான்.

ஒரே கட்டுத் தோலை இரண்டு பேர் தரம் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் நூற்றுக்கு இருபதைத் தள்ளுகிறார், மற்றவர் பத்தைத்தான் தள்ளுகிறார். கண் கூர்மை யாருக்கு? முதல் ஆளுக்கு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து அதைச் சொல்லவே முடியாது. ரேடார் திரையில் தெரிவது விமானமா வெறும் இரைச்சலா என்று கணிக்கப் பிறந்த கணக்கை, 1954-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டேனரும் ஸ்வெட்ஸும் மனிதக் கண்ணுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். தீர்ப்பில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன என்றார்கள். ஒன்று, நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கும் திறன். மற்றொன்று, ‘இதற்கு மேல் போனால் தள்ளு’ என்று மனதில் போட்டுவைத்திருக்கும் கோடு. போன மாதம் பையர் சரக்கைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தக் கோடு தானாகவே இறுகிவிடும். கெட்ட தோல் தப்பிப்போவது குறையும். கூடவே நல்ல தோலும் கழிவு அடுக்குக்குப் போகும். கண் என்னவோ அதே கண்தான்.

மூன்றாவதாக நேரம் இருக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தால் போதும்? இதற்கு அழகான விடை தந்தவர் ஆபிரகாம் வால்ட். நாஜிகளிடமிருந்து தப்பி 1938-இல் அமெரிக்கா போன கணித மேதை. அவர் 1943-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யுத்தத் தளவாடங்களைச் சோதிக்க ஒரு முறை வகுத்தார். இத்தனை உருப்படியைச் சோதிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதே. ஒவ்வொன்றாகச் சோதித்துக் கணக்கைக் கூட்டிக்கொண்டே போ. மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை. எதைத் தொடுகிறதோ அதுவே தீர்ப்பு, அங்கேயே நிறுத்து. இப்படிச் செய்தால், அதே துல்லியத்துக்குப் பல நேரம் பாதி சோதனையே போதுமாயிருந்தது. யுத்த காலத்தில் ராணுவ ரகசியமாக இருந்த முறை இது. ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்க ஆலன் டூரிங்கும் ஏறக்குறைய இதே கணக்கைத் தனியாகக் கண்டிருந்தார்.

1950 டிசம்பரில் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணம் வந்திருந்தார் வால்ட். அவரும் மனைவியும் ஏறிய விமானம் நம் நீலகிரி மலையில் மோதியது. இருவருமே பிழைக்கவில்லை. அவருக்கு வயது 48. அவருடைய கணக்கு மூளையைப் பற்றிய ஆய்வுக்குள் நுழையும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

நுழைந்தது. ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் நியூசம் ஆய்வகத்தில், குரங்குகளுக்குத் திரையில் சிதறி ஓடும் புள்ளிகளைக் காட்டினார்கள். அவற்றில் சில மட்டும் ஒரே திசையில் போகும். எந்தத் திசை? 1989-இல் நியூசமும் சக ஆய்வாளர்களான பிரிட்டனும் மோவ்ஷனும் கண்டது வியப்பானது. அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதியில், சில தனித்தனி நரம்புச் செல்களின் துல்லியம் குரங்கின் துல்லியத்துக்கு ஈடாக இருந்தது. மறு ஆண்டு அந்தப் பகுதிக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்தபோது குரங்கின் தீர்ப்பே சாய்ந்தது. பிறகு அங்கே போஸ்ட் டாக்காக வந்த நரம்பியல் மருத்துவர் மைக்கேல் ஷாட்லன், கண்ணசைவோடு தொடர்புள்ள இன்னொரு பகுதிக்குப் போனார். அங்குள்ள செல்களின் துடிப்பு, சான்று சேரச் சேர ஏறிக்கொண்டே போனது. பின்னால் செய்த சோதனைகளில், ஒரு மட்டத்தைத் தொட்டதும் குரங்கு தீர்ப்புச் சொன்னது. வால்டின் கணக்கேதான் என்றார்கள்.

அங்கேயே முடிந்திருந்தால் கதை கச்சிதமாக இருந்திருக்கும். 2016-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் கண்ணசைவோடு தொடர்புள்ள அந்தப் பகுதியை மருந்து செலுத்தி அடக்கிப் பார்த்தார்கள். குரங்கின் தீர்ப்பு பெரிதாக மாறவே இல்லை! அப்படியானால் கூட்டல் நடப்பது அங்கேதானா, வேறெங்கோ நடப்பதன் நிழல்தான் அங்கே விழுகிறதா? சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக நல்ல பகுதி இந்தச் சண்டைதான்.

நமக்குப் பக்கத்திலும் இது நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையத்தில், தேவராஜன் ஸ்ரீதரனின் ஆய்வகம் கவனம் என்பதைப் பிரித்துப் பார்க்கிறது. ஓர் இடத்தில் கவனம் வைக்கும்போது கண் கூர்மையாகிறதா, கோடு நகர்கிறதா? இரண்டும் ஒன்றையொன்று சாராமல் மாறலாம் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மாறியது கண்ணா கோடா என்பதைச் செலக்‌ஷன் மேஜையில் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அனுபவசாலிகள் நாலு பேர் கூடித் தரம் ஒப்புக்கொண்ட ஐம்பது தோல்களைக் குறியிட்டு, அன்றாடச் சரக்கோடு கலந்துவிடுங்கள். பிரித்து முடித்ததும் இரண்டு எண்ணிக்கை எடுங்கள். தப்பிப்போன கெட்டவை எத்தனை, தள்ளப்பட்ட நல்லவை எத்தனை? அடுத்த முறை எண்ணும்போது ஒன்று குறைந்து மற்றது கூடினால் பெரும்பாலும் கோடு நகர்ந்திருக்கிறது. இரண்டுமே கூடினால் விளக்கையும் ஆளின் களைப்பையும் பாருங்கள். ஒரு தோலுக்கு எத்தனை நொடி கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்.