எழுத்து அழியவில்லை



பழைய தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது, சில வேளைகளில் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றுகின்றன. கோப்பு கெட்டுவிட்டதெனக் கருதி அழித்துவிடுகிறோம். அதை ‘இம்ஹெக்ஸ்’ என்னும் திறமூல மென்பொருளில் திறந்து பாருங்கள். கோப்பின் பைட்டுகளை அது உள்ளவாறே, பதினாறை அடியாகக் கொண்ட எண்களில் வரிசையாகக் காட்டும்.

வழக்கமான பதின்ம எண்ணில் சொன்னால், ‘அ’ என்னும் எழுத்து யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகள். பழைய ‘டிஸ்கி’ முறையில் 171 என்னும் ஒரே பைட்டு. மேலை ஐரோப்பியக் குறிமுறையோ அதே 171-ஐ மேற்கோள் குறியாகப் படிக்கிறது. ஆகவே, எழுத்து அழியவில்லை. படிக்கும் முறையே பிறழ்ந்தது. முறையறிந்தால் யுனிகோடுக்கு மாற்றிவிடலாம்.

ஆசிரியர்களே, மாணவர்களே, பழைய பாடக் குறிப்புகளை அழிக்குமுன் அவற்றின் பைட்டுகளைப் பாருங்கள்.