அறிவு வாய்க்கும் வழி



செவியிற் புகுந்தவை யாவும் அறிவாகுமோ? ஆகா. ஒருவன் ஊகித்துக் கூறியது தற்செயலாக மெய்யாய் அமைதலும் உண்டு. அது மெய்யாதற்குரிய காரணத்தை உணராதவரையில் அவன் அதனை அறிந்தவன் ஆகான். ஐயமும் திரிபும் நீங்கிய உணர்வே அறிவு என்பது ஆன்றோர் கொள்கை. காட்சி, கருதல், உரை என அவர்கள் அளவைகளை வகுத்ததும் இது பற்றியே.

அளவைகள் மட்டும் போதுமோ? அவற்றைக் கையாள்வோனிடத்துப் பண்பும் வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூலில் தலைமாணாக்கரை அன்னத்தோடும், கடைமாணாக்கரை நெய்யரியோடும் ஒப்பிட்டார். அன்னம் நீரை விடுத்துப் பாலைக் கொள்ளும் என்பது புலவர் மரபு. நெய்யரியோ நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தாங்கி நிற்கும். ஆசிரியர் ஒருவரே, பாடமும் ஒன்றே எனினும், வேறுபாடு கொள்வோனிடத்தே உளது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் வாழ்வு இதற்குச் சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர், 1880ஆம் ஆண்டு தம் 25ஆம் வயதில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டே அந்நகரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் கற்ற நூல்கள் யாவை என வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என விடை நீண்டது. சீவக சிந்தாமணி படித்ததுண்டோ என முதலியார் கேட்டபோது, இல்லை என்பதே மறுமொழியாயிற்று.

கற்றவர்க்கு அவ்விடம் வழுக்குநிலம். வேற்றுச் சமய நூல் நமக்கெதற்கு என்று ஒதுக்கியிருக்கலாம். அறிந்தவர்போல் பேசியும் தப்பியிருக்கலாம். ஐயரோ அந்நூலைப் பெற்றுப் பயிலத் தொடங்கினார். சமணக் கருத்துகள் விளங்காத இடங்களில் தாமாகப் பொருள் புனைந்தாரல்லர். கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். ஏட்டுச்சுவடிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கினார். பல்லாண்டு உழைப்பின் பயனாக, நச்சினார்க்கினியர் உரையுடன் அந்நூல் 1887இல் அச்சேறியது.

அவர் புனைந்துரைத்த பொருள் ஒருகால் சரியாகவே அமைந்திருந்தாலும் அது ஊகமேயன்றி அறிவாகாது. சுவடியும் சான்றோர் சொல்லும் துணைநின்றமையாலேயே அது அறிவாயிற்று. அதற்கு அடிப்படை மூன்று: அறியாததை அறியேன் என்னும் நேர்மை, எவரிடத்தும் கேட்கும் பணிவு, முடிவுக்கு விரையாத பொறுமை.

அன்பர்களே! கேட்டதைப் பிறர்க்கு உரைக்குமுன், இதனை எவ்வாறு அறிந்தோம் என்று உள்ளத்தை ஒருமுறை வினவுக. விடை கிட்டுமாயின் உரைக்க; கிட்டாதாயின் அறிந்தாரை நாடுக. அந்நாட்டமே அறிவின் தலைவாயில்.