அமானிதம்: கையில் இருப்பதெல்லாம் நமதல்ல

'அமானிதம்' என்பது தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் என்பது இதன் கருத்து. 'அமானத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து இது வந்தது. 'ஈமான்' என்ற சொல்லும், நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருள்படும் 'அமீன்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தவை. மலாய் மொழியில் இதுவே 'அமானா'. நம்பிக்கை மோசடியை மலாய்க்காரர்கள் 'பெச்சா அமானா' என்பார்கள். அமானிதத்தை உடைத்தல் என்று அதற்குப் பொருள்.

தமிழில் இதை அடைக்கலப் பொருள் என்கிறோம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். அந்தப் பகுதிக்கே 'அடைக்கலக் காதை' என்று பெயர். ஆகவே பொன்னும் பணமும் மட்டுமல்ல, மனிதரும் அடைக்கலமே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 622ஆம் ஆண்டு மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, மக்கள் தம்மிடம் வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள் என்பது வரலாறு. பகை இருந்தது; ஆனாலும் பொருள் உரியவருக்கே போய்ச் சேர்ந்தது.

அமானிதத்துக்கு மூன்று கடமைகள் உண்டு. பத்திரமாகக் காக்க வேண்டும். உரியவர் அனுமதியின்றித் தொடக்கூடாது. கேட்டவுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடமைகள் வேலைத் தலத்துக்கும் பொருந்தும். கேமரன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் அங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. மலைச்சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர்கள் பாடுபட்டார்கள். இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாட்டவரும் கொழுந்து பறிக்கிறார்கள். எடைக்கு ஏற்பக் கூலி கிடைக்கும் இடத்தில், தராசைப் பிடிப்பவர் கையில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. அந்த எடை அமானிதம்.

1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி வாரியத்தைப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணத்தை முதலாளி வாரியத்தில் கட்டாவிட்டால் அது சட்டப்படி குற்றம். பிடித்த நொடியிலிருந்து அது தொழிலாளியின் பணம். முதலாளி அதைச் சுமந்து செல்பவர் மட்டுமே.

வெளிநாட்டுத் தொழிலாளியின் கடப்பிதழும் அப்படியே. "பத்திரமாக இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது கொடுக்க மறுத்தால் அது அடைக்கலம் ஆகாது, அபகரிப்பு. சட்ட அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு சோதனை உண்டு. முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் தம் சேமநிதிக்கு ஒருவரைப் 'பெனாமா'வாகப் பெயர் குறிக்கிறார். அவர் மறைந்தபின் பணம் அந்த ஒருவர் கைக்கு வருகிறது. மூத்த மகன் பெயர் இருப்பதால் எல்லாம் மகனுக்கே என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அவர் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர். பராயிட் முறைப்படி தாய்க்கும் தங்கைக்கும் உள்ள பங்கு, அவர் கையில் இருக்கும் அமானிதம்.

தங்கை வெட்கப்பட்டுக் கேட்காமல் இருக்கலாம். கேட்காததால் அவள் உரிமை போய்விடாது. உரியவர் வாய் திறக்குமுன் கொண்டுபோய்க் கொடுப்பவரே அமீன்.