பாடும் சபையும் ஒலிபெருக்கியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கிறித்தவ வழிபாட்டு மேடைகளில் இன்று பாடப்பெறும் புதுப்பாடல்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இலக்கிய அரங்கில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஞாயிறு காலையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குப் பேருந்தில் வருபவருக்கு விடை தெரியும். சாலையோரத்துத் தகரக் கொட்டகைகளிலும் கோபுரம் வைத்த ஆலயங்களிலும் எழுத்தறியாத மக்கள் தமிழ் வரிகளை நெஞ்சிலிருந்து எடுத்துப் பாடிக்கொண்டிருப்பார்கள். நம்முள் யாருடைய கவிதைக்கு அந்தப் பேறு வாய்த்திருக்கிறது?

இந்தப் பாட்டின் மரபு நெடியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். புதிதாக வந்த மிஷனெரிமார் தமிழ்ப் பாடல்களை ஆராதனையிலிருந்து விலக்க முற்பட்டபோது அவர் எதிர்த்து எழுதினார். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து நூலாக்கினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டுக்கோப்பும், எதுகை மோனையும், இராக தாளக் குறிப்பும் கொண்ட அந்தப் பாடல்கள் இன்றும் என் செவிக்கு விருந்துதான்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. பாட்டைக் காக்க வாதாடிய அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதிப் பிரிவைக் களைவதையும் எதிர்த்தார். இராகம் கற்றவர் முன்வரிசையில் அமர்ந்து பாடினார். பறை அறிந்தவர் தம் பறையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய 'பரட்டை' தியாபிலஸ் அப்பாவு இந்த வெட்கத்தைத்தான் உடைக்க முயன்றார். நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாடு முழுவதையும் அமைத்து, பறையை ஆலயத்துக்குள் கொண்டு வந்தார். பாடுகிறவர் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிப் பாட இடந்தருவதே பாட்டு என்பது அவர் கொள்கை. அவர் 2005இல் மறைந்தார்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் இன்றைய துதிப் பாடலின் வலிமை புலப்படும். பெர்க்மான்ஸ் அவர்களின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' போன்றவை பட்டிதொட்டியெங்கும் பரவியதற்குக் காரணம் அவற்றின் எளிமை. ஒருமுறை கேட்டால் மறுமுறை பாடலாம். யாரிடமும் சிட்சை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. நேரடியாகப் பாடும்போது இன்னொரு நன்மையும் உண்டு. நல்ல பாடகர் சபையின் முகம் பார்த்தே பாடுவார். ஒரு மூலையில் யாரோ விம்மினால் அந்த அடியிலேயே நின்று இன்னொரு சுற்று வருவார். ஒலிநாடாவுக்கு அது கைகூடாது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது சொல். மெட்டை முன்னே வைத்துப் பின்னே சொல்லைத் திணிப்பதால் குறில் நெடிலாகிறது. 'மனம்' நீண்டால் 'மானம்' ஆகிவிடும் மொழி நம்முடையது. வாக்கேயக்காரர் நெடில் இருக்கும் இடம் தேடிக் கார்வை வைப்பார். இங்கோ மேலைநாட்டு மெட்டு எங்கே நிற்கிறதோ அங்கே தமிழும் மூச்சுப் பிடித்து நிற்கவேண்டியிருக்கிறது. திண்டிவனத்திலுள்ள விவிலிய நடுநிலையம் 1995இல் 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டது. 'மாட்சி', 'தூய' என்னும் நல்ல சொற்கள் அதில் உண்டு. அதே ஊரின் மேடைப் பாட்டிலோ 'மகிமை', 'பரிசுத்தம்', 'ஸ்தோத்திரம்' ஆகியவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. பழகிய சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் பத்துச் சொல்லுக்குள் ஒரு பக்தியா?

திரும்பத் திரும்பப் பாடுவதைச் சிலர் குறை கூறுவர். நான் கூறமாட்டேன். ஒப்பாரியும் தாலாட்டும் திரும்பத் திரும்ப வருபவைதாமே? ஆனால் ஒப்பாரியின் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு பொருள் வந்து சேரும்: இறந்தவர் உழுத நிலம், கட்டிய வேட்டி, விட்டுப்போன கடன். மேடைப் பாட்டில் வெற்றி இருக்கிறது, ஆசீர்வாதம் இருக்கிறது. கரும்பு வெட்டப் போனவனின் முதுகு இல்லை. சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல் என்பதைப் பாடலாசிரியர்கள் மறந்துவிட்டார்கள் போலும்.

இரண்டாவது, ஓசை. நம் வட்டாரத் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். பின்பாட்டுக்காரர் ஓய்ந்தால் வேடக்காரர் நிற்கவேண்டியதுதான். வழிபாட்டில் அந்தப் பின்பாட்டு சபையே. ஆளுயரப் பெட்டிகள் அதிரும்போது சபை பாடினாலும் ஒன்று, பாடாவிட்டாலும் ஒன்று.

விக்கிரவாண்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் என் அத்தை இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் அங்குள்ள ஜெபவீட்டில் பாட்டெடுத்துக் கொடுத்தவர். கீபோர்டும் திரையும் வந்த பிறகு ஒருநாள் போயிருந்தேன். அவர் வாய் அசையாமல் அமர்ந்திருந்தார். கேட்டேன். "பாட்டு உசரப் போயிடுச்சுப்பா, எனக்கு எட்டல" என்றார். ஒலிப்பதிவில் பாடிய ஆண்குரலின் சுருதியிலேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்டு வாசித்த தம்பியிடம் சொன்னேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தி மூன்று கட்டை இறக்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து குரல் எழும்பியது. இதற்கு ஏன் இத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அந்த ஆண்டு ஏரி நிரம்பவில்லை. அடுத்த வாரம், ஒரு பாட்டின் நான்காவது சுற்றில், அத்தை ஏரியைப் பாட்டுக்குள் கொண்டு வந்தார். திரையில் அந்தச் சொல் இல்லை. கீபோர்டுத் தம்பி நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதே சுற்றை இன்னொருமுறை வாசித்தார்.