அணியும் தையலும்



தமிழில் ‘அணி’ என்னும் சொல் நகைக்கும் உரியது. செய்யுளின் அழகுக்கும் உரியது. ‘தையல்’ என்னும் சொல்லோ தைத்தலையும், புனைவையும், அழகையும், பெண்ணையும் ஒருசேரக் குறிக்கிறது. இவ்விரு சொற்களும் ஒன்றுகூடும் இடம் ஒன்று சேலம், நாமக்கல் சமவெளியிலேயே உண்டு. அது தெருக்கூத்தின் ஒப்பனை அறை.

இப்பகுதியின் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து நிகழ்கிறது. அரச வேடதாரி தலையில் கிரீடமும், தோளில் புஜக்கட்டையும், மார்பில் பதக்கமும் பூணுகிறார். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டப்பட்டவை இவை. காண்போர் கண் இவற்றில் தங்கிவிடுகிறது. இவற்றின் கீழே கிடக்கும் துணிக்கும், அதன் ஓரத்துக்கும் அத்தனை கவனம் கிடைப்பதில்லை.

அந்த ஓரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. சுருக்கு வைத்த பட்டைக்கு, அது அமரும் நீளத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்குத் துணி வேண்டும்; ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மடிப்புக்கு மும்மடங்கு வேண்டும். கழுத்து வளைவில் நேராக வெட்டிய பட்டை படியாது. தையற்காரர் ‘கிராஸ்’ என்று வழங்கும் குறுக்கு வெட்டில் எடுத்த பட்டையே வளைவுக்கு இணங்கும். வெல்வெட்டின் மயிர்ப்போக்கு மாறி வெட்டப்பட்டால் ஒரே துணி இருநிறமாய்த் தோன்றும். சமிக்கி வைப்பவர் ஊசியை அதன் துளைவழி மேலே எடுத்து, சிறு பாசிமணி ஒன்றைக் கோத்து, மீண்டும் அதே துளைவழி இறக்குகிறார். நூல் மறைகிறது, மணி சமிக்கியைப் பிடித்துக்கொள்கிறது, ஆயினும் சமிக்கி சிறிது அசைகிறது. தீவட்டியும் பெட்ரோமாக்ஸும் ஒளி தந்த நாள்களில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவருக்கு அரசனைக் காட்டியது அந்த அசைவு. பசையால் ஒட்டிய சமிக்கிக்கு அசைவில்லை. விடியுமுன் வியர்வையில் அது உதிர்ந்தும் போகலாம்.

இதே சேலத்தில் 1935இல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ‘உத்தமபுத்திரன்’ 1940இலும், ‘மந்திரிகுமாரி’ 1950இலும், முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இலும் அங்கிருந்து வெளிவந்தன. அரச உடைப் படங்களுக்குத் தையல் இன்றியமையாதது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாய் மங்கிவிடும்; இளவரசியின் அங்கியைப் பிரித்துக் காட்டுவது நிறத்தைவிட ஓரத்தின் மினுக்கே. நடித்தவரை நாடு அறியும், எழுதியவரை அறியும். அந்த ஓரத்தைத் தைத்த விரல்களை எவர் அறிவார்?

இக்குறை இங்கு மட்டும் உள்ளதன்று. பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட்டின் அங்கிகளுக்கு அலங்காரம் அமைத்த ரோஸ் பெர்த்தேன் வரலாற்றில் இடம்பெற்றார். அவர் கடையில் குனிந்து தைத்த பெண்களின் பெயர்களை உலகம் நினைவில் வைக்கவில்லை. அக்காலத்து அங்கிகளில் பெரும்பாலும் அங்கியின் துணியையே பட்டையாக வெட்டி, அதன் விளிம்பை இரும்பு அச்சால் பல்பல்லாகக் கொத்தி, சுருக்கிட்டுத் தைத்தனர். விளிம்பைக் கொத்துவது அழகுக்காக மட்டுமன்று. நூல் எளிதில் பிரியாமல் இருப்பதற்காகவும்தான்.

கவிஞர்கள் நின்று நோக்க வேண்டிய இடம் இது. 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபின் புதுக்கவிதை வேரூன்றியது. அணி சுமை என்னும் எண்ணமும் உடன் வளர்ந்தது. அணியின்றிக் கவிதை இல்லை என்று மரபின் பக்கம் நின்றோர் கூறினர். ஊசி பிடித்தவரிடம் இவ்வழக்கைக் கொண்டுசென்றால் அவர் ஒரு பட்டையைப் பிரித்துக் காட்டுவார். பிரித்தபின் துணியின் விளிம்பு நைந்து, சுழன்றாடும்போது விரிந்த கொய்சகம் துவண்டுபோனால், அப்பட்டை ஆடையின் உறுப்பு. பிரித்தபின்னும் ஆடை முன்போலவே நின்றால் அது சுமை. உவமைக்கும் இச்சோதனை பொருந்தும்.

ஆனால் சோதித்துக் காட்டும் கைகள் குறைந்து வருகின்றன. சாரமாய்க் கிடைக்கும் ஆயத்த ஓரப்பட்டைகள் மலிவானவை. வறுமையில் ஆடும் கலைஞர் அவற்றை வாங்குவதைக் குறை கூறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. பழைய சரிகையின் கதையோ இன்னும் துயரமானது. வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டிழைமேல் சுற்றிப் பொன்முலாம் இட்டது அது. துணி கிழிந்த பின்னும் அதற்கு விலை இருந்தமையால், கரைகள் வெட்டப்பட்டு உருக்குவோரிடம் சென்றன. வெள்ளி மீண்டது. தைத்த முறை மீளவில்லை. ஓலைச்சுவடி அழிந்ததற்கு வருந்தும் தமிழ் உள்ளம் இதற்கும் வருந்த வேண்டும்.

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டம் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் கூத்துச் சமாவை நாடி, ஆடைப் பெட்டி திறக்கும் மாலைப் பொழுதில் அருகே அமர்ந்து, தையலின் பெயர்களையும் அளவுகளையும் அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம். தைத்தவர் இசைவளித்தால், கூத்து அழைப்பிதழில் ஆடுவோர் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் அச்சிடச் செய்யலாம். அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரி, ஆடையின் ஓரம்போல, பிரிந்துபோகாமல் காக்கும்.